ஆறாம் ரூமுல எக்ஸ் பேரு

ஈச்சங்குண்டு நடுநிலைப் பள்ளியில ஏழாங்கிளாஸ் பெஞ்சுகளுக்கு எண்ணிக்கை இல்லாமப் போனது ஒரு செவ்வாக்கெழமை, மூணாவது பீரியடு முடிய இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கும்போது. அன்னைக்கு மழையும் இல்ல, இடியும் இல்ல. கரிசக்காட்டு வெயில் எப்பவும் போல ஜன்னல் வழியா உள்ள வந்து கடைசிப் பெஞ்சுல ஏறி உக்காந்திருந்துச்சு, பின்னால சத்துணவுக்கூடத்துல தாளிக்கிற வாசனை வந்துச்சு, அவ்வளவுதான். எல்லாம் சீனியம்மாவோட வாயாலதான் வந்துச்சுன்னு ஊர்ல இன்னைக்கு வரைக்கும் சொல்றாங்க. அந்தக் கிளாஸ்லயே தொட்டதுக்கெல்லாம் சண்டைக்கு நிக்கிற பிள்ளை, அது ஒண்ணுக்கு மட்டும் யார்கூடவும் சண்டை போட்டதில்ல.

புதுசா வந்த பிளாரன்ஸ் டீச்சர்தான் கணக்கு எடுத்தாங்க. கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரங்க, தற்காலிக வேலை, எப்ப வேணும்னாலும் போகச் சொல்லலாம்னு எழுதி வாங்கித்தான் சேத்திருந்தாங்க. அன்னைக்குப் போர்டுல இயற்கணிதக் கோவைகள்னு எழுதுனதும் பாதி கிளாஸ் மில்லு வேலைக்குப் போற கோவைன்னு நெனைச்சுக்கிச்சு. எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு சீனி கேட்டா. டீச்சர் சிரிக்கல. கோவைன்னா கோத்தது, எழுத்தையும் எண்ணையும் கூட்டலால கழித்தலால ஒண்ணுபின்னாடி ஒண்ணாக் கோத்து வெக்கிறதுன்னாங்க. அப்ப சரவெடி மாதிரியா டீச்சர்னு பின்னாலயிருந்து ஒரு குரல் வந்துச்சு. அந்த ஊர்ல வேற எதைச் சொன்னாலும் புரியாது, ஏன்னா பாதி வீட்டுல அம்மாமார் பயராபீஸ்லதான் வேலை பாக்குறாங்க, பட்டாசுக் கம்பெனிக்கு அங்க அதுதான் பேரு. ஆமா, சரவெடி மாதிரின்னு டீச்சர் சொன்னாங்க. சொல்லிட்டு, ஒரு வகுப்பில் உள்ள பெஞ்சுகளின் எண்ணிக்கை x என்க, அப்படின்னு புஸ்தகத்தைப் பாத்து வாசிச்சாங்க.

சீனி எந்திரிச்சா. எதுக்கு டீச்சர் எக்ஸுன்னா. இந்தா இருக்கு பெஞ்சு, நான் எண்ணிட்டேன்னு ஒரு நம்பரைச் சொன்னா. அந்த நம்பர் என்னன்னு இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல, அவளுக்கும் இல்ல.

"தெரியாதுன்னு வெச்சுக்கோ சீனியம்மா."

"தெரியுதே டீச்சர்."

"தெரிஞ்சாலும் தெரியாதுன்னு வெச்சுக்கோ. அப்பத்தான் பாடம் நடத்த முடியும்."

"தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொன்னா எங்க வீட்டுல அதுக்குப் பேரு பொய்யி டீச்சர். இங்க அதுக்குப் பேரு கணக்கா?"

கிளாஸே சிரிச்சுச்சு. டீச்சருக்கு மூஞ்சி சிவந்து போச்சு. சாக்பீஸை நீட்டி, வந்து எழுது, பெஞ்சுகள் x என்கன்னு போர்டு நிறையப் பெருசா எழுது, எழுதுனாத்தான் உன் மண்டையில ஏறும்னாங்க. சீனி போனா, போர்டைக் கீறிடுற மாதிரி அமுக்கி அமுக்கி எழுதுனா, கடைசி 'க' முடியும்போது சாக்பீஸ் ரெண்டா ஒடிஞ்சு விழுந்துச்சு. இப்ப சொல்லு, எத்தனை பெஞ்சுன்னு டீச்சர் கேட்டாங்க. பழைய நம்பரையே மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லணும்னுதான் சீனி வாயைத் தொறந்தா. வாயிலயிருந்து எக்ஸுன்னு வந்துச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா எண்ணிப் பாத்தாங்க. ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிக்கும்போது ஒழுங்காத்தான் இருந்துச்சு, மூணுக்கு மேல நாக்கு எங்கயோ இருட்டுக்குள்ள போயிட்டு வந்த மாதிரி ஆகி, கடைசிப் பெஞ்சுல கைவெக்கும்போது எக்ஸுன்னு நின்னுச்சு. வெரலை மடக்கிப் பாத்தாலும் அப்படித்தான், கூழாங்கல்லு வெச்சுப் பாத்தாலும் அப்படித்தான். பெஞ்சு ஒண்ணும் காணாமப் போகல, எல்லாம் இருந்த எடத்துலயே இருந்துச்சு, அதுமேல அவங்கதான் உக்காந்திருந்தாங்க. ஹெட்மாஸ்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு சுத்திச்சுத்தி வந்து எண்ணி, மூக்குக்கண்ணாடியைத் தொடைச்சு மறுபடி எண்ணி, தளவாடப் பதிவேட்டுல பெஞ்சுகள் x-ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டு மணி அடிக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

ஊரு இதைப் பாத்து அலறும்னு சீனி நெனைச்சா. ஊரு அலறல. ஒரு வாரம் ஆச்சரியப்பட்டுச்சு, ரெண்டாவது வாரம் இதுல நமக்கு என்ன லாபம்னு யோசிச்சுச்சு, மூணாவது வாரம் பள்ளிக்கூடத்துல சாக்பீஸ் டப்பா காலியாகிப் போச்சு. எதுமேல வேணும்னாலும் சாக்பீஸால x என்கன்னு எழுதினாப் போதும், அதோட எண்ணிக்கை அதை விட்டுக் கெளம்பிப் போயிரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. கட்டாத கக்கூஸுக்கெல்லாம் கணக்குக் காட்ட வேண்டியிருந்த தலைவர் பஞ்சாயத்து ஆபீஸ் செவத்துல கட்டிய கழிப்பறைகள் x என்கன்னு எழுதினாரு, கேக்க வந்தவங்க எண்ணிப் பாத்துட்டு எக்ஸ் இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. பொண்ணு கெடைக்காம நரைச்சுப் போயிருந்த டெய்லர் ஒருத்தரு ஜாதகத்துல வயசு x என்கன்னு எழுதி அடுத்த முகூர்த்தத்துலயே தாலி கட்டுனாரு. பஸ்ஸுல நெஞ்சு உயரத்துக்கு வளந்த பிள்ளைய இடுப்புல தூக்கிவெச்சு வயசு எக்ஸுன்னு சொன்ன தாய்மாரும் இருந்தாங்க. கண்டக்டர் பாத்தாரு, பெருமூச்சு விட்டாரு, டிக்கெட் கிழிக்காம அடுத்த சீட்டுக்குப் போனாரு. பொய் சொல்றோம்னு யாருக்கும் உறுத்தல. பொய் சொன்னா நம்பரை மாத்திச் சொல்லணும், அது தப்பு. இங்க நம்பரே இல்லையே.

இதுல இன்னொண்ணும் சேந்துக்கிச்சு. மொத நாளே வீட்டுக்குப் போன சீனி, அம்மா வெள்ளத்தாய்கிட்ட ஆத்திரத்தோட கிளாஸ்ல நடந்ததைச் சொல்லிட்டு, எக்ஸுன்னா என்னடின்னு அம்மா கேட்டதுக்கு, டீச்சர் சொன்னதை அப்படியே ஒப்பிச்சா.

"எக்ஸ் ஒரு மாறியாம்."

அம்மா அரிசி களைஞ்சுக்கிட்டிருந்த கையை எடுத்துக் கும்பிட்டா. மாரியான்னா. சீனி தலையில அடிச்சுக்கிட்டு, அந்த மாரி இல்லம்மா, இது வல்லின 'ற' போட்ட மாறி, மாறிக்கிட்டே இருக்கிறதால மாறின்னு வெளக்கிச் சொன்னா. அதுக்கு வெள்ளத்தாய், ஆத்தா மட்டும் மாறாமயா இருக்கா, வருசத்துக்கு ஒரு மூஞ்சி காட்டுறாளேன்னு சொல்லிட்டா. காலையில தண்ணிக் கொழாயில அவ சொன்னது சாயங்காலம் ஊரு முழுக்கப் போயிருச்சு. எக்ஸ் எழுதுன எடத்துலயெல்லாம் மஞ்சளும் குங்குமமும் ஏற ஆரம்பிச்சுது. ரெண்டு கோடு குறுக்க போனது சூலாயுதம் மாதிரி இருக்குன்னு ஒருத்தி சொன்னா, இல்ல, கையைக் குறுக்க மறிச்சுக்கிட்டு ஆத்தா காவல் நிக்கிறான்னு இன்னொருத்தி சொன்னா. ஏழாங்கிளாஸ் போர்டுல வேப்பிலை சொருகியாச்சு. அழிக்கப் போன டீச்சரை ஹெட்மாஸ்டரே வேணாம்னு தடுத்துட்டாரு. அன்னையிலயிருந்து பிளாரன்ஸ் டீச்சர் போர்டுல மிச்சம் இருந்த ஒரு மொழ எடத்துலதான் பாடம் நடத்துனாங்க.

ஆவணி கடைசியில குருவையா அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. காஞ்ச கம்மாய்க்கு அக்கரையில இருக்கிற பயராபீஸுக்கு அவருதான் போர்மேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில ஒரு பை நிறைய சேவு, பிள்ளைங்களுக்குக் குடுங்கன்னு டீச்சர்கிட்ட நீட்டி, எனக்கு வயசான காலத்துல கொஞ்சம் கணக்குச் சொல்லித் தரணும்மான்னு பணிவாக் கேட்டாரு. என்கவுக்கு மூணு சுழி 'ண'வா ரெண்டு சுழி 'ன'வான்னு மட்டும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, ஒரு துண்டு சாக்பீஸ் வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. சேவைத் திங்காதது அந்தக் கிளாஸ்லயே சீனி ஒருத்திதான்.

பயராபீஸ்ல ரூமுக்கு ரூமு தள்ளித்தள்ளிக் கட்டியிருப்பாங்க, ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணுக்குத் தாவாம இருக்கிறதுக்கு. ஒவ்வொரு ரூமு செவத்துலயும் உள்ள எத்தனை பேரு இருக்கலாம்னு பெயிண்டால எழுதியிருக்கும். ஆறாம் ரூமு வெடிமருந்து செலுத்துற ரூமு, அங்கதான் வெள்ளத்தாய்க்கு வேலை. மறுநாள் காலையில அவ போனப்ப செவத்துல பெயிண்டுல இருந்த நம்பரைச் சொரண்டிட்டு, ஆட்கள் x என்கன்னு சாக்பீஸால எழுதியிருந்துச்சு, அதுக்கு மேல அண்ணாச்சி கையாலயே சந்தனமும் வெச்சிருந்தாரு. தீபாவளி ஆர்டர் மலையாக் குவிஞ்சு கெடந்துச்சு. வெளியூர்லயிருந்து ஒரு வேன் நிறைய ஆளுங்க வந்து எறங்குனாங்க. அன்னையிலயிருந்து ஆறாம் ரூமுல எக்ஸ் பேரு வேலை பாத்தாங்க.

ஆய்வுக்கு ஆபீஸர் வந்தாரு. அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். உள்ள பொம்பளைங்க தோளோட தோள் இடிச்சுக்கிட்டு, ஒருத்தி கால்மாட்டுல இன்னொருத்தி, மருந்துத் தட்டை வெக்க எடமில்லாம மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்ததை அவரு வாசல்ல நின்னு பாத்தாரு. எண்ணுனாரு. எக்ஸுன்னு வந்துச்சு. செவத்தைப் பாத்தாரு, அங்கயும் எக்ஸு. அனுமதிச்சது எக்ஸ், இருக்கிறது எக்ஸ், சரியாத்தான் இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, எளநீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. இதை வெள்ளத்தாய் ராத்திரிச் சோத்துல வீட்டுல சொல்லிச் சிரிச்சா. சீனி சிரிக்கல. அம்மாவோட ரெண்டு முழங்கையையும் பாத்தா, ரெண்டுலயும் பக்கத்துல இருக்கிறவ இடிச்சு இடிச்சுக் கன்னிப்போயி ஊதா நெறத்துல தடம் இருந்துச்சு.

"இன்னைக்கு உள்ள எத்தனை பேரும்மா?"

"எக்ஸ் பேரு தாயி."

"வாசல் எத்தனை?"

"நாலு."

வாசலுக்கு யாரும் எக்ஸ் போடல, அதனால அது நாலாவே இருந்துச்சு. ஒரு பொறி பட்டுச்சுன்னா ஆளுக்கொரு வாசலா ஓடுறதுக்குத்தான் நாலு வாசல் வெச்சிருக்காங்க, அப்ப எத்தனை பேரு இருக்கணும்னு உனக்குப் புரியலையாம்மான்னு சீனி கத்துனா. காவலுக்கு ஆத்தாவே நிக்கும்போது உனக்கென்னடி, நீ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா அதுவே போதும்னு அம்மா சொல்லிட்டுப் படுத்துட்டா.

மறுநாள் விடிஞ்சதும் சீனி பாவாடையை நனைச்சுக்கிட்டுப் போயி ஆறாம் ரூமு செவத்துல இருந்த எக்ஸை அழிக்கக் கை வெச்சா. அடிச்சது குருவையா இல்ல. அவ அம்மாதான், வேலைக்கு வந்த எல்லாப் பொம்பளைங்களுக்கும் முன்னால, மாரி மேல கை வெக்கிறியான்னு முதுகுல ஒரு அடி வெச்சா. குருவையா அண்ணாச்சி பக்கத்துல வந்து, சின்னப் பிள்ளை, விடு வெள்ளத்தாய்னு சமாதானம் பண்ணாரு. அவரு கொரல்ல கோவமே இல்ல.

நேரா டீச்சர்கிட்ட போனா. நீங்க வெச்ச எக்ஸுதான, நீங்களே எடுங்கன்னா. டீச்சர், எக்ஸோட மதிப்பைக் கண்டுபிடிக்கணும்னா சமக்குறி வேணும் சீனியம்மா, இது வெறும் கோவை, கோவைக்கு விடை கெடையாது, சமன்பாடு அடுத்த பருவத்துலதான் வருதுன்னாங்க.

"அடுத்த பருவம் எப்ப டீச்சர்?"

"தீபாவளிக்கு அப்புறம்."

சீனி அவங்களையே பாத்துக்கிட்டு நின்னா. டீச்சர் கண்ணை எடுத்துக்கிட்டாங்க. பயராபீஸ் மொதலாளிதான் பள்ளிக்கூடக் கமிட்டியிலயும் இருக்காரு, அது டீச்சருக்கும் தெரியும், சீனிக்கும் தெரியும். அன்னைக்கு டீச்சர் கூட்டல் பாடம் நடத்துனாங்க. ஒத்த உறுப்புகளைக் கூட்டலாம், ரெண்டு எக்ஸும் மூணு எக்ஸும் அஞ்சு எக்ஸ், ஆனா மாறுபட்ட உறுப்புகளைக் கூட்டி ஒண்ணாக்க முடியாது, ஏவும் பியும் எத்தனை தடவை பக்கத்துல பக்கத்துல நின்னாலும் நடுவுல கூட்டல் குறியோட தனித்தனியாத்தான் நிக்கும், அதை யாராலயும் சுருக்க முடியாதுன்னு சொன்னாங்க. சொல்லும்போது சீனியைப் பாத்தாங்களா, ஜன்னலைப் பாத்தாங்களான்னு தெரியல.

சீனிக்கு அது போதும். மறுநாள் காலையிலயிருந்து பயராபீஸ் கேட்டுக்கு எதிர்ல புளியமரத்தடியில நோட்டோட உக்காந்தா. பள்ளிக்கூடத்துக்குப் போற வழிதான், யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. ஆறாம் ரூமுக்குப் போற ஒவ்வொருத்தி பேரையும் எழுதினா. வெள்ளத்தாய் + ராக்கு + அழகுத்தாய் + ஜெயமேரி + மூக்கம்மா, இப்படி. வேன்ல வர்ற வெளியூர்ப் பொண்ணுங்களை நிறுத்தி, உங்க பேரு என்னக்கான்னு கேட்டு எழுதினா. அவங்க சிரிச்சாங்க, எங்களுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறியாடின்னு கேட்டாங்க, ஆனா பேரைச் சொன்னாங்க. எழுதி முடிச்சுக் கூட்டிப் பாத்தா, நோட்டுலயும் எக்ஸுன்னுதான் வந்துச்சு. ஆனா பேரு பேராவே நின்னுச்சு. ராக்குவை யாராலயும் எக்ஸுன்னு வாசிக்க முடியல.

கோவையை எழுத எழுத அது தெனமும் நீண்டுச்சு. மொதல்ல ஒரு வரி, அப்புறம் ரெண்டு வரி, புரட்டாசி பிறந்ததும் பக்கத்தைத் திருப்ப வேண்டியிருந்துச்சு. குருவையா ஒருநாள் நோட்டை வாங்கிப் பாத்தாரு. நல்ல கையெழுத்தும்மான்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டு, வேன் டிரைவரைக் கூப்பிட்டு என்னமோ சொன்னாரு. மறுநாளிலயிருந்து வேன் லேட்டா வந்துச்சு. பள்ளிக்கூட மொத மணி அடிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி, அரை நிமிஷம் முன்னாடின்னு. சீனி ரெண்டாவது மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, தெனமும் வாசல்ல முட்டி போட்டா.

காலாண்டுப் பரீட்சை வந்துச்சு. கணக்குப் பரீட்சை அன்னைக்கு லேட்டா வந்தா உள்ள விட மாட்டோம்னு ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தாரு. கேள்வித்தாள்ல எட்டாவது கேள்வி, ஒரு கூடையில் x பழங்கள் உள்ளன, அவற்றில் சில அழுகிவிட்டன, மீதமுள்ள பழங்களுக்கான கோவையை எழுதுகன்னு இருந்துச்சு. சில-ன்னா எத்தனை, அதுக்கு எழுத்தே குடுக்கலையே, கேள்வியே தப்புன்னு சீனி விடைத்தாள்ல எழுதிக்கிட்டிருக்கும்போது ஜன்னல் கண்ணாடி மொத்தமும் உள்ள பாத்து வளைஞ்ச மாதிரி இருந்துச்சு. சத்தம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. அதுக்குப் பின்னால இன்னொண்ணு, இன்னொண்ணு, கோத்து வெச்ச மாதிரி.

நோட்டைக் கையில புடிச்சுக்கிட்டுக் கம்மாயைக் குறுக்க மிதிச்சு அவ ஓடுனப்ப, ஊரே ஓடுச்சு. ஆறாம் ரூமு இருந்த எடத்துல ரூமு இல்ல. கூரை அப்படியே கீழ உக்காந்து, ஒரு பக்கத்துச் செவரு மட்டும் பாதி நின்னுச்சு, எக்ஸ் எழுதுன பாதி. தீயணைப்பு வண்டி வந்து தண்ணியடிச்சு, சாயங்காலம் வரைக்கும் ஆளுங்களை வெளிய எடுத்தாங்க. ஓடி வந்து தப்பிச்சவங்க கொஞ்சம், தூக்கிட்டு வந்தவங்க கொஞ்சம், துணி போட்டு மூடுனவங்க கொஞ்சம். அந்தத் துணிகளுக்குப் பக்கத்துல போயி ஒவ்வொண்ணாக் குனிஞ்சு பாத்தா சீனி. அவ அம்மா அதுல இல்ல, வெளியயும் இல்ல.

தீயணைப்பு ஆபீஸருக்கு மூஞ்சியெல்லாம் கரி. அவரு போர்மேனைக் கூப்பிட்டு உள்ள மொத்தம் எத்தனை பேருன்னு கேட்டாரு. எக்ஸ் பேருன்னாரு குருவையா. ஊரைப் பாத்துக் கேட்டாரு, ஊரும் எக்ஸுன்னுச்சு, பெத்தவங்களும் புருசன்மாரும் மாரடிச்சுக்கிட்டே எக்ஸுன்னாங்க. இது வரைக்கும் வெளிய எடுத்தது எத்தனைன்னு தன் ஆளுங்ககிட்ட கேட்டாரு. அவங்களும் எண்ணிப் பாத்துட்டு எக்ஸு சார்னாங்க. அப்ப குருவையா அண்ணாச்சி, தோள்ல கெடந்த துண்டால கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, மெதுவா, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு.

"உள்ள போனது எக்ஸ் சார், வெளிய வந்தது எக்ஸ். எக்ஸுலயிருந்து எக்ஸ் போனா பூஜ்யம். உள்ள யாரும் இல்ல. மிஷினை விட்டுத் தள்ளி மூடிரலாம், மிச்ச மருந்து பத்திக்கிச்சுன்னா உங்க ஆளுங்களுக்கும் ஆபத்து."

ஆபீஸர் யோசிச்சாரு. அவரும் பள்ளிக்கூடத்துல படிச்சவருதான், கணக்கு அவருக்குச் சரியாப் பட்டுச்சு. ஊர்ல கொஞ்சம் பேரு தலையாட்டக்கூட செஞ்சாங்க. மண் அள்ளுற மிஷினை ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. சீனி கூட்டத்துல பிளாரன்ஸ் டீச்சரைத் தேடிப் புடிச்சு, கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து ஆபீஸர் முன்னால நிறுத்துனா.

"சொல்லுங்க டீச்சர். ரெண்டும் ஒரே எக்ஸா?"

டீச்சர் குருவையாவைப் பாத்தாங்க, அவரு பின்னால நின்ன மொதலாளியைப் பாத்தாங்க, கூரை மேல ஏறப்போற மிஷினைப் பாத்தாங்க.

"இல்ல சார். தெரியாதது ரெண்டு இருந்தா ரெண்டு எழுத்து வெக்கணும். ஒரே எழுத்து வெச்சதுதான் தப்பு. உள்ள போனது எக்ஸ்னா, வெளிய வந்தது ஒய். எக்ஸ் கழித்தல் ஒய் பூஜ்யம்னு யாரும் சொல்ல முடியாது." சீனியைக் காட்டி, "அந்தப் பிள்ளை நோட்டை வாங்கிப் பாருங்க"ன்னாங்க.

மிஷினை நிறுத்தச் சொன்னாரு ஆபீஸர். சீனி நோட்டை அவருகிட்ட குடுக்கல, அவளே வாசிச்சா. அன்னைக்குக் காலையில எழுதுன கோவையை, கூட்டல் குறி வர்ற எடத்துலயெல்லாம் நிறுத்தி, ஒவ்வொரு பேரா. அழகுத்தாய். இந்தா இருக்கேன்னு ஒரு கொரல் வந்துச்சு. மூக்கம்மா. ஆஸ்பத்திரி வண்டியில போயிருச்சுன்னு அவ புருசன் சொன்னான். இருளாயி. துணி மூடுன எடத்துலயிருந்து அவ அக்கா ஓன்னு ஒரு சத்தம் போட்டா, அதுவே பதிலு. இப்படி ஒவ்வொரு பேரும் போயி எங்கயாவது முட்டி நின்னுச்சு, மூணு பேரைத் தவிர. ராக்குன்னு வாசிச்சா, பதில் இல்ல. ஜெயமேரின்னு வாசிச்சா, பதில் இல்ல. மொதல்ல இருந்த பேரை அவ கடைசிக்குத் தள்ளி வெச்சிருந்தா. வெள்ளத்தாய்னு வாசிச்சா. தண்ணி சொட்டுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

கையால தோண்டுனாங்க. ராக்குவைத் துணிக்குள்ள சுத்தி எடுத்தாங்க. ஜெயமேரியையும் அப்படித்தான். இருட்டு கூடுற நேரத்துக்கு, சாஞ்சு விழுந்த கதவுக்கும் செவத்துக்கும் நடுவுல இருந்த சந்துலயிருந்து வெள்ளத்தாயை இழுத்தாங்க. முடி பொசுங்கி, கை ரெண்டும் தோலு உரிஞ்சு, ஆனா மூச்சு இருந்துச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்துனாங்க. பொம்பளைங்க சீனியை வண்டிக்குள்ள தள்ளுனாங்க, போடி, அம்மா கூடப் போடின்னாங்க. அவ ஒரு காலைப் படியில வெச்சப்பதான் ஆபீஸர் பின்னாலயிருந்து கேட்டாரு.

"பாப்பா, அவ்வளவுதானா? முடிச்சிரலாமா?"

குருவையா முந்திக்கிட்டு, அவ்வளவுதான் சார், இன்னைக்கு வேன் வரலைன்னாரு. சீனிகிட்ட குனிஞ்சு, உங்கம்மா வந்தாச்சுல்ல, கெளம்பு தாயின்னு பிரியமாச் சொன்னாரு.

சீனி நோட்டைப் பாத்தா. கடைசிப் பேரு பஞ்சவர்ணம், அதுக்குப் பக்கத்துல ஒரு கூட்டல் குறி, அதுக்குப் பின்னால வெறும் தாளு. அவ அந்தக் கூட்டலைப் போட்டப்ப பள்ளிக்கூடத்துல மொத மணி அடிச்சுச்சு. அப்ப ஒரு வேனு புளியமரத்தைத் தாண்டித் திரும்பிக்கிட்டிருந்துச்சு, அவ பரீட்சைக்கு ஓடிட்டா. அதுல யாரு இருந்தாங்க, எறங்குனாங்களா, எந்த ரூமுக்குப் போனாங்கன்னு அவ பாக்கல. வெளியூர்ப் பொண்ணுங்க, இங்க வந்து மாரடிக்க அவங்களுக்குன்னு ஆளு யாரும் இன்னும் வந்து சேந்திருக்க மாட்டாங்க.

வண்டிக்குள்ள அம்மா முனகுனா. சீனி அவ காலை ஒரு தடவை தொட்டா, படியிலயிருந்து எறங்குனா, கதவைச் சாத்துனா. டீச்சர், நீங்க கூடப் போங்கன்னா. டீச்சர் ஏறிக்கிட்டாங்க. வண்டி கெளம்பிப் போச்சு.

"கூட்டல் போட்டிருக்கேன் சார்," அப்படின்னா ஆபீஸர்கிட்ட. "அதுக்குப் பின்னாடி யாருன்னு எனக்குத் தெரியல. தோண்டுங்க."

ஆபீஸர் அவளைப் பாத்தாரு, குருவையாவைப் பாத்தாரு, கழட்டி வெச்சிருந்த தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கிட்டாரு. ஆளுங்க லைட்டை வாங்கிக்கிட்டு இடிபாட்டு மேல ஏறுனாங்க. சீனி கீழ, சூடு இன்னும் ஆறாத மண்ணுல நின்னுக்கிட்டு, நோட்டை விரிச்சுப் பென்சிலை அந்தக் கூட்டல் குறிக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டா. மேலயிருந்து ஒருத்தரு, சத்தம் போடாதீங்க, இங்க என்னமோ இருக்குன்னு கையைத் தூக்குனாரு.